கல்யாண வீடியோ கைக்கு வந்தாயிற்று, இனி என்ன செய்வது?

ஸ்டூடியோவிலிருந்து கல்யாண வீடியோ வந்ததும் பல வீடுகளில் என்ன நடக்கிறது? பெண்டிரைவை டிவியில் செருகி, எல்லோரும் சேர்ந்து ஒருமுறை பார்க்கிறார்கள். அப்புறம் அது பீரோவுக்குள் போய்விடுகிறது. ஆயிரக்கணக்கில், சில வீடுகளில் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய பொருள். இருக்கும் ஒரே பிரதி அந்தப் பெண்டிரைவில். அதற்குள் இருக்கும் சில்லு மின்சாரம் பார்க்காமல் வருஷக்கணக்கில் கிடந்தால் பதிவானது கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். எப்போது கெடும் என்று யாராலும் நாள் குறிக்க முடியாது.

அதை வீட்டுக் கணினியில் எப்படிப் பத்திரப்படுத்துவது, வேண்டிய பகுதியைத் தரம் குறையாமல் எப்படி வெட்டி எடுப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். ஒரு சாதாரணக் கணினி, இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், சில இலவச மென்பொருள்கள் போதும். காதுகுத்து, அரங்கேற்றம், சஷ்டியப்தபூர்த்தி என எந்த விசேஷ வீடியோவானாலும் முறை இதுதான். இதில் மாறாத விதி ஒன்று உண்டு: ஸ்டூடியோ கொடுத்த மூலக் கோப்பில் கை வைக்கவே கூடாது. வெட்டுவது, ஒட்டுவது, சுருக்குவது எல்லாம் பிரதியில்தான்.

கடைசிப் பணம் கொடுப்பதற்கு முன்

கணினியைத் தொடுவதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. பாக்கிப் பணத்தைக் கொடுக்கும்போது ஸ்டூடியோக்காரரிடம் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். டீசர், ஹைலைட்ஸ், முழு நீள டிரெடிஷனல் வீடியோ ஆகியவற்றைக் கேட்காமலே தருவார்கள். கேட்டால்தான் கிடைப்பது ரா ஃபுட்டேஜ், அதாவது கேமராவில் பதிவான எடிட் செய்யாத கிளிப்புகள். ‘டேட்டாவை மூணு மாசத்துக்கு மேல வெச்சிருக்க மாட்டோம் சார்’ என்று பல இடங்களில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, இடம் வேண்டுமே. 4கே கேமராக்களில் நொடிக்கு 100 மெகாபிட் என்பது வழக்கமான அளவு. அந்தக் கணக்கில் ஒரு மணி நேரப் பதிவுக்கே 45 ஜிபி ஆகிவிடும். இரண்டு கேமரா, ஐந்து மணி நேரம் என்றால் 450 ஜிபி. ஆகவே ரா வேண்டுமானால் ஹார்ட் டிஸ்க்கை நீங்களே வாங்கிக்கொண்டு போவதுதான் மரியாதை.

ரா எதற்கு என்று கேட்கலாம். எடிட் செய்த வீடியோவில் சினிமாப் பாட்டைப் போட்டு அசல் சத்தத்தை அமுக்கியிருப்பார்கள். பாட்டி திருநீறு பூசிவிட்டு ஏதோ சொல்லியிருப்பார், உதடு அசைவது தெரியும், கேட்காது. பாட்டோடு கலந்துவிட்ட குரலைப் பின்னால் பழையபடி பிரித்தெடுப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். அந்தக் குரல் இருப்பது ராவில் மட்டும்தான். ரா கிடைக்காவிட்டால், பாட்டு சேர்க்காத இயல்பான ஒலியோடு முழு நீள வீடியோவை இன்னொரு கோப்பாகவாவது கேளுங்கள்.

கேட்கத் தயங்க வேண்டாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 17-ஆம் பிரிவு (ஆ) உட்கூறின்படி, ஒருவர் காசு கொடுத்துத் தனக்காக எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் வீடியோவுக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ‘வேறு ஒப்பந்தம் இல்லாதவரை’ என்பதைக் கவனியுங்கள். அட்வான்ஸ் ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று படித்துவிடுங்கள். உள்ளே சேர்த்த சினிமாப் பாட்டு மட்டும் எப்படியும் உங்களுடையது ஆகாது.

முதல் பிரதி

புது ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் அது எந்த வடிவத்தில் ஃபார்மேட் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ். மேக் கணினியிலும் செருக வேண்டியிருந்தால் எக்ஸ்ஃபேட். ஃபேட்32 வேண்டவே வேண்டாம், அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. டிஸ்க்கில் இடம் தாராளமாக இருக்கும்போதே ‘கோப்பு மிகப் பெரியது’ என்று கணினி அடம் பிடித்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். 1 டிபி என்று வாங்கிய டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது.

டிஸ்க்கில் நிகழ்ச்சியின் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் மூலம், வேலை, பகிர்வு என்று மூன்று ஃபோல்டர்கள் போடுங்கள். ஸ்டூடியோ கொடுத்தது அனைத்தும், ஒரு பெயர்கூட மாறாமல், மூலம் ஃபோல்டருக்குள் போகட்டும். ராவில் சி0001, சி0002 என்று அர்த்தமில்லாத பெயர்களும், கூடவே எக்ஸ்எம்எல் என்று முடியும் குட்டிக் கோப்புகளும் இருக்கும். குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். கேமரா எழுதிவைத்த விவரங்கள் அவை. ஏவிசிஎச்டி முறையில் பதியும் பழைய கேமராவானால் ஃபோல்டருக்குள் ஃபோல்டராக மூன்று நான்கு அடுக்கு போகும்; அதையும் அப்படியே முழுதாக எடுங்கள். வீடியோ கோப்பை மட்டும் பொறுக்கி எடுத்தால், நீளப் பதிவுகள் துண்டாகும் இடத்தில் பின்னால் ஒட்டும்போது சத்தம் ஒரு கணம் விட்டுப்போகும்.

காப்பி முடிந்துவிட்டது என்று கணினி சொல்வதை நம்பிவிடக் கூடாது. ஃப்ரீஃபைல்சிங்க் என்ற இலவச மென்பொருளில் இடப்பக்கம் பெண்டிரைவையும் வலப்பக்கம் புது ஃபோல்டரையும் கொடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். அது இயல்பாக நேரத்தையும் அளவையும் மட்டும்தான் ஒப்பிடும். அமைப்புக்குள் போய், கோப்பின் உள்ளடக்கத்தை ஒப்பிடும்படி மாற்ற வேண்டும். ஒப்பிடுவதற்கு முன் டிஸ்க்கை முறையாக எஜெக்ட் செய்து, கழற்றி, திரும்பச் செருகுங்கள். இல்லாவிட்டால் சற்றுமுன் எழுதியதைக் கணினி தன் நினைவிலிருந்தே படித்து ‘எல்லாம் சரி’ என்று சொல்லிவிட வாய்ப்புண்டு. நேரம் பிடிக்கும்தான், ஓடவிட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

அடுத்து செவன்-ஜிப் என்ற இலவச மென்பொருள். மூலம் ஃபோல்டர் மீது ரைட் கிளிக் செய்து, சிஆர்சி எஸ்எச்ஏ மெனுவில் எஸ்எச்ஏ-256 கணக்கிடச் சொன்னால் நீளமான ஓர் எண்ணெழுத்துக் கோவை வரும். அதை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் ஒட்டி, தேதி போட்டு, மூலம் ஃபோல்டருக்கு வெளியே சேமியுங்கள். ஐந்து வருடம் கழித்துத் திரும்பக் கணக்கிட்டு அதே கோவை வந்தால் ஒரு பிட்கூட மாறவில்லை என்று பொருள். விண்டோஸ் 11-இல் இந்த மெனு உடனே தெரியாவிட்டால் ‘மேலும் காட்டு’ வகையறாத் தேர்வுக்குள் ஒளிந்திருக்கும்.

அதே டெக்ஸ்ட் கோப்பில் இன்னும் சில வரிகள் எழுதுங்கள்: எந்த மண்டபம், எந்தத் தேதி, மேடையில் யார் யார், எந்தக் கிளிப்பில் எந்தச் சடங்கு. இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. அடுத்த தலைமுறைக்கு அந்தப் பட்டுப்புடவைக்காரப் பெரியம்மா யாரென்று வீடியோவைப் பார்த்து எப்படித் தெரியும்?

கோப்புக்குள் ஒரு பார்வை

வெட்டுவதற்கு முன் மீடியாஇன்ஃபோ என்ற சின்ன மென்பொருளில் கோப்பைத் திறந்து பாருங்கள். எம்பி4, எம்கேவி, எம்ஓவி என்பவை வெறும் உறைகள். உள்ளே படம் எச்.264 முறையிலோ எச்.265 முறையிலோ சுருக்கப்பட்டிருக்கும். ஒலி பெரும்பாலும் ஏஏசி அல்லது பிசிஎம். உறையை மாற்றினால் தரம் குறையாது. உள்ளே இருப்பதைத் திரும்பச் சுருக்கினால் குறையும். ‘கன்வெர்ட் பண்ணித் தர்றேன்’ என்பவர்களில் பலர் செய்வது இரண்டாவது வேலையை.

விண்டோஸில் உள்ள பிளேயர் ஒரு கோப்பைத் திறக்க மறுத்தால் உடனே கன்வெர்ட் செய்யக் கிளம்பிவிடாதீர்கள். எச்.265 என்றால் மைக்ரோசாஃப்ட் கடையில் தனியாக ஒரு நீட்சியைக் காசு கொடுத்து வாங்கச் சொல்லும். விஎல்சி என்ற இலவசப் பிளேயரில் திறந்து பாருங்கள், ஓடும். கோப்பில் கோளாறு இல்லை.

மீடியாஇன்ஃபோவில் குறித்துக்கொள்ள வேண்டியவை இரண்டு: ஃபிரேம் வீதம் (நொடிக்கு எத்தனை படம்), பிட்ரேட் (நொடிக்கு எவ்வளவு டேட்டா). நம் ஊரில் 25 அல்லது 50 ஃபிரேம்தான் வழக்கம். பிட்ரேட்டை வைத்துக் கோப்பின் அளவை மனக்கணக்காகவே போடலாம்: நொடிக்கு இத்தனை மெகாபிட், அதை நொடிகளால் பெருக்கி எட்டால் வகுத்தால் மெகாபைட். 25 மெகாபிட்டில் மூன்று மணி நேரம் என்றால் சுமார் 34 ஜிபி.

தரம் குறையாமல் வெட்டுதல்

நீள வீடியோவிலிருந்து தாலி கட்டும் பகுதி மட்டும் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு எடிட்டிங் மென்பொருள் தேவையில்லை. லாஸ்லெஸ்கட் போதும். மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் கடைகளில் இது காசுக்கு விற்கிறது. கிட்ஹப் என்ற மென்பொருள் தளத்தில் அதே மென்பொருள் இலவசம்.

1. மூலம் ஃபோல்டரிலிருந்து கோப்பை வேலை ஃபோல்டருக்குக் காப்பி செய்து, அந்தப் பிரதியை லாஸ்லெஸ்கட்டுக்குள் இழுத்துப் போடுங்கள்.

2. ஐயர் கையை உயர்த்தி ‘கெட்டிமேளம், கெட்டிமேளம்’ என்று குரல் கொடுக்கும் இடத்தைத் தேடிப் பிடியுங்கள். அதற்குச் சில நொடி முன்னால் நிறுத்துங்கள்.

3. சாவிப் படம் போட்ட பொத்தானை அழுத்தி முந்தைய கீஃப்ரேமுக்குப் போங்கள். அங்கே ஆங்கில ‘ஐ’ விசையைத் தட்டினால் தொடக்கம் குறிக்கப்படும்.

4. அட்சதை மழை ஓய்ந்து மேளம் இறங்கும் இடத்தில் ‘ஓ’ விசை. அது முடிவு.

5. எக்ஸ்போர்ட் கொடுங்கள். சில நொடிகளில் முடிந்துவிடும். திரும்பச் சுருக்காமல் இருந்ததை அப்படியே எடுத்து வைப்பதால்தான் இந்த வேகம்.

மூன்றாவது படியில் கீஃப்ரேம் எதற்கு? சுருக்கிய வீடியோவில் எல்லா ஃபிரேமும் முழுப் படம் அல்ல. இடையிடையே முழுப் படம் ஒன்று இருக்கும். மற்றவற்றில், அருகிலுள்ள படங்களிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும் இருக்கும். அந்த முழுப் படம்தான் கீஃப்ரேம். திரும்பச் சுருக்காமல் வெட்டும்போது அங்கிருந்துதான் சுத்தமாகத் தொடங்க முடியும். கேமராவின் ராவில் இவை நெருக்கமாக இருக்கும். எடிட் செய்து வெளியெடுத்த கோப்பில் தள்ளித் தள்ளி இருக்கும். எச்.264 முறையில் சுருக்கப் பரவலாகப் பயன்படும் எக்ஸ்264 மென்பொருளின் இயல்பமைப்பில் அதிகபட்ச இடைவெளி 250 ஃபிரேம், அதாவது 25 ஃபிரேம் வீடியோவில் 10 நொடி. ஆகவே நீங்கள் நினைத்த இடத்தில் துல்லியமாகத் தொடங்காது. எப்போதும் முந்தைய கீஃப்ரேமையே எடுங்கள், அடுத்ததை எடுக்காதீர்கள். நாலு நொடி கூடுதலாக வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நாலு நொடி பிந்தினால் முதல் முடிச்சு போய்விடும்.

துண்டு துண்டான ரா கிளிப்புகளை ஒன்றாக ஒட்டுவதும் இதே மென்பொருளில் முடியும். ஒரே கேமரா, ஒரே அமைப்பு என்றால் மட்டும். வேறு கேமராவின் கிளிப்பைக் கலந்தால் படம் உடையும், அல்லது சத்தம் விலகும்.

திரும்பச் சுருக்க வேண்டிய நேரம்

தலைப்பு எழுத்து போட வேண்டும், இரண்டு கேமராக் காட்சிகளை மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும் என்றால் முறையான எடிட்டர்தான். ஷாட்கட், கேடென்லைவ் இரண்டும் இலவசம், தொடங்குபவருக்குப் போதும். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு பெரிய கடல். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் திணறும். 4கே கோப்பு தடுமாறினால் ப்ராக்ஸி வசதியைப் போடுங்கள். எடிட் செய்யும்போது மட்டும் சின்னப் பிரதியைக் காட்டி, வெளியெடுக்கும்போது மூலத்தையே பயன்படுத்தும். எதில் செய்தாலும் மூலத்திலிருந்து ஒரே ஒருமுறை சுருக்குங்கள். சுருக்கியதை எடுத்துத் திரும்ப எடிட் செய்து, அதையும் திரும்பச் சுருக்கினால் முகங்கள் மெழுகாகிவிடும்.

சொந்தக்காரர்களுக்கு அனுப்பச் சின்னக் கோப்பு வேண்டுமென்றால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள். அதில் வரும் ஃபாஸ்ட் 1080பி30 அமைப்பை எடுத்து ஓர் இடத்தை மட்டும் மாற்றுங்கள். அந்த அமைப்பு நொடிக்கு 30 ஃபிரேமுக்கு மேல் அனுமதிக்காது. உங்கள் மூலக் கோப்பு 50 ஃபிரேம் என்றால் இடையிடையே ஃபிரேம்களைக் கழித்துவிடும். ஊர்வலக் காட்சியில் கேமரா திரும்பும்போது படம் வெட்டி வெட்டி நகரும். ஃபிரேம் வீதத்தை மூலத்தில் உள்ளபடியே என்று வையுங்கள். தரத்துக்கு ஆர்எஃப் என்றொரு எண் இருக்கும். எண் குறையக் குறையத் தரமும் அளவும் கூடும். 1080 வீடியோவுக்கு 20 முதல் 24 வரை என்பது ஹேண்ட்பிரேக் குழுவினரே சொல்லும் அளவு. நான் 20 வைப்பேன், இடத்தை மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது தன் பங்குக்கு இன்னொருமுறை நசுக்கும். டாக்குமென்ட் என்று இணைத்தால் நசுக்காது. 2 ஜிபி வரை போகும்.

எங்கே, எத்தனை பிரதி

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. டிஜிட்டல் புகைப்படக்காரர்கள் வெகுகாலமாகச் சொல்லிவரும் கணக்கு இது. வீட்டில் கணினியில் ஒன்று, எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒன்று, இன்னொரு டிஸ்க் வேறு ஊரில் இருக்கும் தங்கை வீட்டிலோ பேங்க் லாக்கரிலோ. இந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர் புகுந்த வீடுகளில் கணினியும் அதன் பக்கத்திலிருந்த பேக்கப் டிஸ்க்கும் சேர்ந்தேதான் நனைந்திருக்கும்.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். செருகியே வைத்திருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் கணினிக்குள் வரும் நாளில் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஃப்ரீஃபைல்சிங்க்கில் பிரதி எடுக்கும்போது ‘அப்டேட்’ முறையைத் தேர்ந்தெடுங்கள், ‘மிரர்’ வேண்டாம். மிரரில், இங்கே தவறி அழித்தது அங்கேயும் அழியும்.

கிளவுட் இரண்டாம் பட்சம்தான். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. அதுவும் மின்னஞ்சல், படம் எல்லாம் சேர்த்து. இரண்டு வருடம் பயன்படுத்தாத கணக்கை அழிக்கலாம் என்பது அவர்களுடைய விதி. யூடியூபில் அன்லிஸ்டடாக (லிங்க் இருப்பவர் மட்டும் பார்க்கும்படி) போட்டு வைப்பதைப் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். அங்கே படம் திரும்பச் சுருக்கப்படும், சினிமாப் பாட்டுக்கு உரிமை கேட்டு நோட்டீஸும் வரும்.

வருடத்துக்கு ஒருமுறை, கல்யாண நாளையே வைத்துக்கொள்ளுங்கள், மறக்காது. டிஸ்க்குகளைச் செருகி, எஸ்எச்ஏ-256 கோவையைத் திரும்பக் கணக்கிட்டு, பழையதோடு ஒப்பிடுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் டிஸ்க்கின் உடல்நிலை நீலத்திலிருந்து மஞ்சளுக்கு மாறியிருந்தால் அன்றைக்கே புது டிஸ்க் வாங்குங்கள். மாறாவிட்டாலும் ஐந்தாறு வருடத்துக்கொருமுறை புதியதற்கு மாற்றுவது நல்லது.

ஆன்லைனில் வாங்கியவை

கச்சேரிப் பதிவு, நாட்டிய வகுப்பு, சமையல் வகுப்பு என்று டவுன்லோடாக விற்பவர்களிடம் வாங்கிய, பிரதி எடுப்பதைத் தடுக்கும் பூட்டில்லாத கோப்புக்கும் மேலே சொன்ன அத்தனையும் பொருந்தும். ரசீதையும் அதே ஃபோல்டரில் போடுங்கள். உங்கள் சொந்த உபயோகத்துக்கு வெட்டி வைத்துக்கொள்ளலாம். பிறருக்குப் பகிர்வது விற்றவரின் நிபந்தனையைப் பொறுத்தது.

ஆப்புக்குள் மட்டும் ஓடும் சினிமாக்கள் வேறு ரகம். ‘வாங்கு’ என்று பொத்தான் இருந்தாலும் கிடைப்பது பார்க்கும் அனுமதி மட்டும். அல்ட்ராவயலட் என்ற அமெரிக்க டிஜிட்டல் சினிமாச் சேவை 2019 ஜூலை 31 அன்று மூடப்பட்டது. வாங்கியவர்கள் தங்கள் படங்களைக் காப்பாற்ற வேறு கடைகளோடு கணக்கை இணைக்க வேண்டியிருந்தது. உரிமத்தை மட்டும் கொடுத்துவிட்டு அதைச் சொல்லாமல் ‘வாங்கு’ என்று போடக் கூடாது என்று கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் சட்டமே இருக்கிறது. நம் நாட்டில், உரிமையை மீறும் நோக்கத்தோடு அத்தகைய சினிமாவின் பூட்டை உடைப்பது பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவின்படி குற்றம், இரண்டு வருடம் வரை சிறை. அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பழைய டிவிடியும் கேசட்டும்

2000-களில் நடந்த கல்யாணங்கள் டிவிடியில் இருக்கும். கணினிக் கடைகளில் எழுதிக் கொடுத்த டிவிடிகளின் சாயப்பூச்சு காலப்போக்கில் மங்கும், அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்றைச் செருகி, மேக்எம்கேவி என்ற மென்பொருளில் திறந்தால், டிஸ்க்கில் உள்ளதைத் திரும்பச் சுருக்காமல் எம்கேவி கோப்பாக எடுத்துத் தரும். ஸ்டூடியோ டிவிடிகளில் பொதுவாகப் பூட்டு இருக்காது. வழியில் நின்றுவிட்டால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்துவிட்டு, வேறொரு டிரைவில் முயலுங்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிப்பது சகஜம். படம் 720க்கு 576 அளவில், அசையும் இடங்களில் கோடுகோடாகப் பிரிந்து தெரியும். அது இன்டர்லேஸ், அதாவது படத்தை ஒற்றை, இரட்டைக் கோடுகளாகப் பிரித்துப் பதியும் பழைய முறை; கோளாறு அல்ல. விஎல்சியில் டீஇன்டர்லேஸ் போட்டால் சரியாகும், மூலத்தை மாற்ற வேண்டியதில்லை.

விஎச்எஸ் கேசட் என்றால் வீட்டில் செய்வது கடினம். உலகில் விசிஆர், அதாவது இந்தக் கேசட்டை ஓட்டும் கருவி, தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்திவிட்டது. இப்போது ஓடுபவை எல்லாம் பழைய கருவிகள்தான். கேசட்டின் கண்ணாடி வழியாக டேப்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் எந்தப் பிளேயரிலும் போடாதீர்கள், டேப்போடு சேர்ந்து பிளேயரும் கெடும். டேப்பைச் சுத்தம் செய்து மாற்றித் தருபவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது, டிவிடியாக எழுத வேண்டாம், 25 ஃபிரேம் இன்டர்லேஸ் அப்படியே இருக்கும்படி கோப்பாக ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுங்கள் என்று சொல்லிவிடுங்கள். மாற்றி முடித்ததும் கேசட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள்.